துன் கோரோ பங்கு வைத்த மருந்து

கோரோ தொபாஸ்னாவுக்கு லிட்டிகோ நோய் வந்திருக்கிறது என்று முதலில் சொன்னது டாக்டர் இல்லை, ஒரு சேவல். ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்காக அதன் காலில் கத்தி கட்டிக்கொண்டிருந்தார். அந்த வேலையில் உமாடாக் ஊரிலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். வேறு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. அன்றைக்குக் கட்டைவிரல் நூலை இறுக்க மறுத்தது. களத்தில் விட்டதும் கத்தி கழன்று விழுந்தது. சேவல் கத்தியைப் பார்த்தது, எதிரே நின்ற சேவலைப் பார்த்தது, திரும்பி ஓடிப்போய் யாருடைய லாரிக்கோ அடியில் புகுந்துகொண்டது. கூட்டம் முழுக்கச் சிரித்தது. கோரோவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து பாக்கு வெட்ட உட்கார்ந்தபோது பாக்குவெட்டியும் விரலில் நிற்காமல் வழுக்கியது. அப்போது அவர் சிரிக்கவில்லை.

எங்கள் ஊரில் லிட்டிகோவை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முதலில் கை, பிறகு கால், பிறகு பேச்சு, கடைசியில் மூச்சு. உலகத்தில் எங்களை அறிந்தவர்கள் இரண்டே கூட்டத்தார்: அமெரிக்கக் கடற்படையும் நரம்பு டாக்டர்களும். குவாம் தீவின் இந்தத் தென்கோடிக்கு டாக்டர்கள் எத்தனையோ வருஷமாக விமானம் ஏறி வந்து மண்ணை அள்ளினார்கள், கிணற்றுத் தண்ணீரை அள்ளினார்கள், நாங்கள் ரொட்டி சுடும் மாவை அள்ளினார்கள், எங்கள் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பதிலுக்கு நன்றி சொல்லிக் கடிதம் போடுவார்கள். காரணம் என்ன என்று மட்டும் சொன்னதில்லை.

கோரோ பள்ளி பஸ் ஓட்டியவர். ஊரில் பாதிப் பேரை அவர் ஏற்றி இறக்கியிருக்கிறார், எல்லோரையும் திட்டியிருக்கிறார். நோய் வந்ததும் சாவுக்கு அவர் அவ்வளவாகப் பயப்படவில்லை. அவருடைய பயமெல்லாம் வலது கையைப் பற்றியது. அடுத்த மே மாதம் மகள் டெல்ஃபினாவுக்குக் கல்யாணம். கோவிலுக்குக் கிளம்பும் முன் பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக் கூடத்தில் மண்டியிடுவார்கள். தகப்பன் வலது கையை நீட்டுவான். பிள்ளைகள் அதைப் பிடித்து மூக்கில் வைத்து முகர்ந்து ஆசீர்வாதம் வாங்குவார்கள். தெருவில் பெரியவரைப் பார்த்தாலும் எங்களுக்கு அதுதான் வணக்கம். ஆனால் கை நீட்ட வேண்டியது பெரியவர். நீட்டாத கையை மடியிலிருந்து பிள்ளைகள் தாங்களே எடுத்து முகர்வது ஒரே ஒரு இடத்தில்தான், சவப்பெட்டிக்குப் பக்கத்தில்.

"மே மாசம் வரைக்கும் இந்தக் கை எனக்கு வேணும். அப்புறம் எக்கேடு கெட்டாவது போகட்டும்" என்று மனைவி நியேவெஸிடம் சொன்னார்.

"அந்தக் கை இத்தனை வருஷமா இருந்து என்னத்தக் கிழிச்சுது? கூரை இன்னும் ஒழுகுது" என்றாள் நியேவெஸ். அப்படிச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அதே வருஷம் பக்கத்து வீட்டு சிஸ்டோ கினாட்டாவுக்கும் கை சூம்பத் தொடங்கியது. சிஸ்டோ கோரோவின் பாரே. டெல்ஃபினாவுக்கு ஞானத்தகப்பனாக நின்றவர், அவள் வாயில் 'நினோ'. அப்படி நின்றவனும் பெற்றவனும் எங்கள் பேச்சில் ஒருவருக்கொருவர் பாரே, கூடப் பிறந்தவனைவிட ஒரு படி மேல். இருவரும் பால்ய காலம் முதல் எல்லாவற்றிலும் போட்டி போட்டவர்கள்: மீன், சேவல், சூதாட்டம், ஒரு காலத்தில் நியேவெஸும்கூட. கடைசிப் போட்டியில் மட்டும் கோரோ ஜெயித்தார். அதை வருஷத்துக்கு ஒருமுறையாவது சிஸ்டோவுக்கு ஞாபகப்படுத்துவார். இப்போது நோயிலும் அவன் கூடவே வந்துவிட்டானே என்று கோரோவுக்கு எரிச்சலும், வெளியே சொல்ல முடியாத ஒரு ஆறுதலும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் மெரிடித் என்பவர் ஒரு புது ஊசியோடு வந்து இறங்கினார். ஒல்லியாக, வெயிலில் சிவந்த மூக்கோடு, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து பேசுகிற மனிதர். கூட எங்கள் ஊர்ப் பெண் வெர்னா, நர்ஸ். சின்ன வயதில் கோரோவின் பஸ்ஸில் வாந்தி எடுத்தவள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். தசைகளை ஆட்டுவிக்கும் நரம்பு செல்கள் முதுகுத்தண்டுக்குள் இருக்கின்றன. இந்த நோயில் அவை ஒவ்வொன்றாகச் சாகின்றன. நரம்பு செல் வளரவும் சாகாமல் நிற்கவும் உடம்பு தானாகவே சில புரதங்களைச் செய்கிறது. வளர்ச்சிக் காரணிகள் என்று அவற்றுக்குப் பெயர். அதில் ஒன்றை வெளியே தயாரித்து ஊசியில் ஏற்றினால் மிச்சமிருக்கும் செல்கள் பிழைக்கலாம். எலிகளில் பிழைத்திருக்கின்றன.

"செத்தத எழுப்புமா?" என்று கேட்டார் கோரோ.

"எழுப்பாது. இருக்கறதக் காப்பாத்தலாம். லாம்தான்."

"அப்ப சீக்கிரம் குத்துங்க. இருக்கறதே கொஞ்சம்."

இன்னொன்றும் டாக்டர் சொன்னார். ஆட்டுவிக்கும் நரம்புகள்தான் போகும், உணரும் நரம்புகள் போகாது. தொட்டால் தெரியும், சூடு தெரியும். அதைப் பெரிய நல்ல செய்தியாகத்தான் அவர் சொன்னார்.

"அருமை டாக்டர்! கொசு கடிக்கிறது தெரியும். அடிக்கத்தான் முடியாது" என்றார் கோரோ.

வெர்னா சிரித்துவிட்டு உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டாள். பிறகுதான் சங்கதி வந்தது. ஊசி போட்டுக்கொள்கிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

சிஸ்டோ நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். "விருந்துக்குக் கூப்பிட்டுட்டு, பாதிப் பேருக்கு மூடி போட்ட காலித் தட்டு வைப்பீங்களா?"

"அப்பதான் மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு தெரியும், துன் சிஸ்டோ" என்றாள் வெர்னா. துன் என்பது எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு மரியாதைச் சொல்.

"சோறு பசி ஆத்துமான்னு தெரிஞ்சுக்க ஒருத்தனப் பட்டினி போட்டுத்தான் பாக்கணுமா?" என்றார் கோரோ. "எங்க வீட்டு விசேஷத்துல அப்படிச் செஞ்சா அடுத்த விசேஷத்துக்கு ஒரு நாயும் வராது."

ஆனாலும் இருவரும் சம்மதித்தார்கள். உங்கள் பெட்டி உங்களுக்கு மட்டும், யாரோடும் பகிரக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது இருவரும் தலையாட்டினார்கள். நாங்கள் பெரிய படிப்பு படித்தவர்கள் எது சொன்னாலும் தலையாட்டுவோம். அதற்கு அர்த்தம் காது கேட்கிறது என்பது மட்டும்தான்.

போன புயலில் சிஸ்டோவின் குளிர்பெட்டி கடலுக்குப் போய்விட்டது. அவர் பெண்டாட்டியும் அதற்கு முன்பே காலமாகியிருந்தாள். அதனால் இரண்டு பெட்டியும் கோரோ வீட்டுக் குளிர்பெட்டியில் தங்கின: மேல் தட்டில் கோரோவுடையது, கீழ்த் தட்டில் சூரை மீனுக்குப் பக்கத்தில் சிஸ்டோவுடையது. காலையும் மாலையும் இருவருக்கும் வயிற்றில் ஊசி குத்தியது நியேவெஸ்தான். பன்றிக்குத் தடுப்பூசி போட்ட கை அது. கொஞ்சமும் நடுங்காது.

சில வாரங்களில் கோரோவுக்கு உறுதியாகிவிட்டது: தனக்கு வந்தது அசல் மருந்து. முதல் அத்தாட்சி, இருமல். இந்த மருந்து சிலருக்கு இருமல் கொடுக்கும், எடையைக் குறைக்கும் என்று வெர்னா சொல்லியிருந்தாள். கோரோ ராணுவத்திலிருந்து திரும்பிய நாள் முதல் சிகரெட்டும் இருமலுமாக இருப்பவர் என்பது அப்போது யாருக்கும் நினைவு வரவில்லை, அவருக்கும்தான். இரண்டாவது, எடை குறைந்தது. டப்பா இறைச்சியை நியேவெஸ் வீட்டுக்குள் நுழைய விடாமல் நிறுத்தியதும் அதே வாரத்தில்தான். மூன்றாவது அத்தாட்சிதான் அவருக்கு முக்கியம். லாரிக்கு அடியில் ஒளிந்த அந்தச் சேவலைப் பிடித்து, தன் பெட்டியிலிருந்து கொஞ்சம் மருந்தைத் தொடையில் ஏற்றினார். மறுநாள் விடிகாலை அது வேலிமேல் ஏறி நின்று கூவியது.

"பாத்தியா?" என்றார் நியேவெஸிடம்.

"சேவல் கூவாம பின்ன பாட்டா படிக்கும்?" என்றாள் அவள்.

பக்கத்து வீட்டு வாசல் நாற்காலியில் சிஸ்டோ கம்மென்று உட்கார்ந்திருந்தார். இருமல் இல்லை, புலம்பல் இல்லை, எதுவும் இல்லை. பாவம், காலித் தட்டு அவனுக்குத்தான் என்று கோரோ முடிவுகட்டினார். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் கெட்டது. மே மாதத்தில் டெல்ஃபினா தகப்பனுக்கு அடுத்து ஞானத்தகப்பன் முன்னால் மண்டியிடுவாள். அங்கே சிஸ்டோவின் கை மடியில் கிடக்கும், இங்கே தன் கை நீண்டிருக்கும். வாழ்நாள் முழுக்க சிஸ்டோவை ஜெயிக்க ஆசைப்பட்டவர்தான், ஆனால் இந்த மாதிரி ஜெயிப்பை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வேட்டையாடிய மான் தொடை என்றாலும் பிடித்த மீன் என்றாலும் பாதி பாரே வீட்டுக்குப் போகும். அப்படிக் கொடுக்காத மனுஷனை எங்கள் ஊரில் கோவிலில்கூட யாரும் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ள மாட்டார்கள்.

அதனால் ஒருநாள் சிஸ்டோவின் வீட்டுக்குப் போய் எதிரே உட்கார்ந்தார். மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்த உரையை எடுத்துவிட்டார்.

"பாரே, நான் சொல்றதக் கேட்டு மறுத்துப் பேசாத. எனக்கு வந்தது நெசமான மருந்து. உனக்கு வந்தது தண்ணி. இன்னியிலேர்ந்து காலையில ரெண்டு பேருக்கும் என் பெட்டியிலேர்ந்து. சாயங்காலம் ரெண்டு பேருக்கும் உன் பெட்டியிலேர்ந்து. எல்லாம் சரிபாதி."

சிஸ்டோ கேட்டார்: "உனக்குப் பாதி கொறைஞ்சுடுமே?"

"கொறையட்டும். எனக்கு உடம்பு பெருசு."

"அப்ப சரி" என்றார் சிஸ்டோ. அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது கோரோவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கண் கலங்குவான், கையைப் பிடித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்திருந்தார். என் ஏணியை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதவனுக்கு என் உயிரில் பாதியைக் கொடுக்கிறேன், அதற்கு 'அப்ப சரி'யா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முணுமுணுத்தார். ஆனால் மறுநாள் சிஸ்டோ தன்னுடைய சிவப்புச் சேவலைக் கூண்டோடு கொடுத்தனுப்பினார். தீவு முழுக்கக் கேட்டு வந்தும் யாருக்கும் கொடுக்காத சேவல். கோரோ அதைப் பெருந்தன்மையோடு வாங்கிக்கொண்டார்.

அதன்பின் ஒரு மாற்றம் தெரிந்தது. சாயங்கால ஊசிக்குப் பிறகு இருவருக்கும் குளிர் எடுத்துக் காய்ச்சல் அடித்தது. காலையில் அப்படி எதுவும் இல்லை. கோரோ அதற்கும் விளக்கம் வைத்திருந்தார். காலையில் போட்ட தன் மருந்து உடம்பில் சேர்ந்து சேர்ந்து சாயங்காலம்தான் வேலையைக் காட்டுகிறதாம். இதை டாக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. சொன்னால் குட்டு வெளிப்படுமே என்று அடக்கிக்கொண்டார்.

வெர்னா மாதாமாதம் வருவாள். முதலில் இருவர் கையையும் முகர்வாள், பிறகு அதே கையில் இரும்புப் பிடி ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொல்வாள், போகும்போது ரத்தமும் எடுத்துப் போவாள். கோரோ பல்லைக் கடித்துக்கொண்டு, முகம் கத்தரிக்காய் நிறமாகும் வரை அமுக்குவார். பிடியில் இருந்த அளவு முள் மாதத்துக்கு மாதம் மெல்ல மெல்லத்தான் இறங்கியது. சிஸ்டோவுக்கு வேகமாக இறங்கியது. நவம்பர் மாதக் காற்று அடிக்கிற காலத்தில் சிஸ்டோவின் இரண்டு கையும் போய், சொல்லும் குழறத் தொடங்கியது. பாதி மருந்தும் அவனுக்குப் பற்றவில்லை, முழுசாகவே கொடுத்திருக்க வேண்டும் என்று கோரோ தன்னைத்தானே நொந்துகொண்டார். கொடை வள்ளலுக்கு வரக்கூடிய வருத்தம் அது. அதில் ஒரு சுகம்கூட இருந்தது என்பதைப் பிற்பாடு நினைத்து வெட்கப்பட்டார்.

கல்யாணத்துக்குச் சில வாரம் இருக்கும்போது டாக்டர் மெரிடித் வந்து, மறுபடி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். சோதனையை நிறுத்திவிட்டார்களாம். மருந்து போட்டவர்களுக்கும் தண்ணீர் போட்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எலியில் வேலை செய்தது மனுஷனில் வேலை செய்யவில்லை. தோலுக்கடியில் ஏற்றிய மருந்து முதுகுத்தண்டு வரை போய்ச் சேரும் முன்பே ரத்தத்தில் கரைந்துவிடுகிறது போலிருக்கிறது. யாருக்கு எது என்பதை இப்போது சொல்லலாம்.

"மிஸ்டர் தொபாஸ்னா, உங்களுக்குக் குடுத்தது தண்ணி."

கோரோ அடுப்படியைப் பார்த்தார். நியேவெஸ் கரண்டியோடு நின்றிருந்தாள்.

"ஆனா உங்க ரத்தத்துல அந்த மருந்துக்கு உண்டான அடையாளம் இருக்கு. மிஸ்டர் கினாட்டா ரத்தத்துல இருக்கறது சரி, அவருக்குக் குடுத்தது மருந்து. உங்க ரத்தத்துல எப்படி வந்துச்சுன்னு எங்க யாருக்கும் புரியல."

வெர்னா மட்டும் குளிர்பெட்டியைப் பார்த்தாள். அவள் எங்கள் ஊர்ப் பெண்.

கோரோ எல்லாவற்றையும் சொன்னார், சேவல் உட்பட. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் தேய்த்துக்கொண்டார். உங்கள் இருவர் கணக்கையும் இனி எதற்கும் எடுத்துக்கொள்ள முடியாது என்றார். மற்ற இடங்களில் நிறையப் பேர் போட்டுக்கொண்டார்கள், அதனால் முடிவு மாறாது என்றும் சொன்னார். கோரோ மன்னிப்புக் கேட்டார். "அவன் மருந்துல பாதியை நான் எடுக்காம இருந்தா..." என்று தொடங்கினார்.

"ஒண்ணும் ஆயிருக்காது. யாருக்கும் அது உதவல. உங்களுக்கு நோய் மெதுவாப் போகுது, அவருக்கு வேகமாப் போகுது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்" என்றார் டாக்டர்.

அறிவு அதை ஒத்துக்கொண்டது. கால் ஒத்துக்கொள்ளவில்லை. சிஸ்டோவின் வீட்டுக்குப் போகும் அந்தச் சின்ன வழியில் பலமுறை நின்றுவிட்டார். தன் உரை ஞாபகம் வந்தது. 'எனக்கு உடம்பு பெருசு.' சிவப்புச் சேவல் ஞாபகம் வந்தது. ஊரான் தோட்டத்தில் பறித்த மாங்காயை அவனுக்கே பங்கு வைத்து, கூலிக்குக் கூடையையும் வாங்கிக்கொண்ட மகா வள்ளல் என்று தன்னைத் திட்டிக்கொண்டார்.

"பாரே, உன் பெட்டிதான் மருந்து. என்னுது தண்ணி" என்றார் வாசலிலேயே நின்று.

"தெரியும்" என்றார் சிஸ்டோ. அவர் பேச்சு இப்போது கோரோவுக்கும் நியேவெஸுக்கும் மட்டும்தான் புரியும்.

"எப்பத் தெரியும்?"

"மொத வாரமே. காய்ச்சல். வாயெல்லாம் புண்ணு. சோறு மண்ணா இருந்துச்சு. நீ பாக்கறப்ப அடக்கிக்குவேன்."

"ஏண்டா சொல்லல?"

சிஸ்டோ ஒவ்வொரு சொல்லாகத் திரட்டினார். "எடுத்துக்கோன்னு நான் குடுத்தா, நீ வாங்குவியா? நீதான் குடுக்கறேன்னு நெனச்சாத்தான் வாங்குவ. ஒன்னய எனக்குத் தெரியாதா? நானே எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன். நீயா வந்து பிரசங்கம் பண்ணுன. நல்லதாப் போச்சு."

கோரோவுக்குக் கோபம் வந்தது. ஏணி முதல் எல்லாவற்றையும் சொல்லித் திட்டினார். திட்டிக்கொண்டே அழுதார். துடைத்துக்கொள்ளக் கை சரியாக உயரவில்லை, சிஸ்டோவாலும் துடைத்துவிட முடியாது. அதனால் அது அப்படியே வழிந்தது.

"சேவலயாவது திரும்ப எடுத்துக்கோ" என்றார் கடைசியில்.

"அதத்தான் போன மாசமே சண்டையில கொன்னுட்டியே" என்றார் சிஸ்டோ.

கல்யாணத்தன்று காலை கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். வெளியே சிவப்புச் சோறு அண்டா அண்டாவாக இறங்கிக்கொண்டிருந்தது. கோரோவும் சிஸ்டோவும் பக்கத்துப் பக்கத்தில், ஒருவர் மர நாற்காலியில், ஒருவர் சக்கர நாற்காலியில். கோரோவின் வலது கை இன்னும் மார்பு வரை உயரும், ஆனால் ஒரே ஒருமுறைதான். பிறகு வெகுநேரத்துக்கு அது அவர் பேச்சைக் கேட்காது. அதற்காகவே காலையிலிருந்து அந்தக் கையை எதற்கும் பயன்படுத்தாமல் சேமித்து வைத்திருந்தார். காப்பிகூட நியேவெஸ்தான் புகட்டினாள்.

டெல்ஃபினாவும் மாப்பிள்ளையும் வந்து தலையணைமேல் மண்டியிட்டார்கள். டெல்ஃபினா தகப்பனின் கையைப் பார்த்தாள். கூடத்தில் எல்லோருமே பார்த்தார்கள்.

கோரோ கையைத் தூக்கினார். அது மகள் பக்கம் போகவில்லை. பக்கத்து மடிக்குப் போய், சிஸ்டோவின் மணிக்கட்டுக்கு அடியில் நுழைந்து, அந்தக் கையைத் தாங்கிக்கொண்டு நடுநடுங்கி மேலே வந்தது. "மொதல்ல அவன்கிட்ட வாங்கு" என்றார். டெல்ஃபினா ஞானத்தகப்பனின் கையை முகர்ந்தாள், மாப்பிள்ளையும் முகர்ந்தான். அதோடு கோரோவின் கை தீர்ந்துபோய்ப் பொத்தென்று தன் மடியில் விழுந்தது.

இவ்வளவு நாள் அவர் பயந்தது இப்போது நடந்தது. நீட்டாத கையை மகள் தானே மடியிலிருந்து எடுத்தாள், செத்தவன் கையை எடுக்கிற மாதிரி. எடுத்து மூக்கோடு வைத்து மூச்சை இழுத்தாள். அந்த மூச்சின் சூடு அவருடைய புறங்கையில் பட்டது. அதன்மேல் சொட்டிய கண்ணீரும், அவள் உதட்டின் நடுக்கமும் ஒன்று விடாமல் தெரிந்தன. கொசு கடிப்பது தெரியும் என்று தான் கேலி செய்தது கோரோவுக்கு நினைவு வந்தது. இவ்வளவு தெரியும் என்று அந்த டாக்டர் விளக்கமாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டார்.

பக்கத்தில் சிஸ்டோ ஏதோ குழறினார். டெல்ஃபினா நிமிர்ந்து, "நினோ என்னப்பா சொல்றாரு?" என்று கேட்டாள்.

"தண்ணி குடிச்ச கை பரவால்லயாம், நல்லாத்தான் தூக்குதாம்" என்றார் கோரோ. "பேச்சு போனாலும் இவன் வாய்க்கொழுப்பு போகாது. எந்திரிங்க, கோவிலுக்கு நேரமாச்சு."